வேவை நிறுத்திய தேன்கூடு

மருத மரப் பொந்தில் ஒரு தேன்கூடு இருந்தது. அங்கே யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவள் கருங்கண்ணி. புழுக்களுக்கு ஊட்டுவோர், வாசல் காப்போர், தேன் சுமப்போர், சிறகால் விசிறிக் கூட்டைக் குளிர்விப்போர் என எல்லோரையும் அவளுக்குத் தெரியும். யாரையும் சும்மா இருக்க விடமாட்டாள்.

அவள் கண்ணை உறுத்தியவர்கள் வேவுத் தேனீக்கள். காலையில் போவார்கள். காடு முழுக்கச் சுற்றிவிட்டுப் பெரும்பாலும் எதையும் கொண்டுவராமல் திரும்புவார்கள். புதிய பூவைக் கண்டால் மட்டும் கூட்டுக்குள் ஆடிக் காட்டுவார்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்தே மற்றவர்கள் திசை அறிந்து பறப்பார்கள்.

அது புங்கம் பூக்கும் காலம். பொந்துக்கு எதிரிலேயே புங்கந்தோப்பு.

“வாம்மா, ஊர்சுற்றி முடிந்ததா? இன்று என்ன கொண்டுவந்தாய்?” என்று வேவுக்காரி நெடுங்காலியைக் கருங்கண்ணி கேட்டாள்.

“சேதிதான் அக்கா. நுனிக்கிளைகளில் புங்கம்பூ உதிர ஆரம்பித்துவிட்டது. ஆற்று வளைவில் நாவல் மொட்டு வைத்திருக்கிறது.”

“மொட்டைப் புழுக்களுக்கு ஊட்ட முடியுமா?”

வாசல் காவலர்கள் சிரித்தார்கள்.

“முடியாது அக்கா. ஆனால்...”

“ஆனாலும் இல்லை, போனாலும் இல்லை! நாளை முதல் வேவு கிடையாது. நீங்கள் எல்லோரும் விசிறுங்கள். வெயில் ஏறுகிறது!”

நெடுங்காலியும் மற்ற வேவுக்காரிகளும் விசிறப் போனார்கள். கூடு குளிர்ந்தது. தேன் பெருகியது. ராணியும் வழக்கத்தைவிட அதிகமாக முட்டையிட்டாள். கருங்கண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள், தேன் சுமக்கப் போனவர்கள் காலியாகத் திரும்பினார்கள்.

“பூவே இல்லை அக்கா! தோப்பு முழுக்கக் காய்!”

சேமித்த தேன் வேகமாகக் கரைந்தது. தோன்றிய திசையில் பறந்தவர்களில் பலர் திரும்பவில்லை. கருங்கண்ணி நெடுங்காலியிடம் ஓடினாள்.

“அந்த நாவல் எங்கே? ஆடிக் காட்டு, தங்கச்சி!”

“நான் பார்த்தபோது மொட்டு. இப்போது பூத்திருக்கிறதோ, உதிர்ந்துவிட்டதோ! எனக்குத் தெரிந்தது அன்றைய காடு, அக்கா. போய்ப் பார்க்கலாம் என்றால்...”

நெடுங்காலி சிறகை விரித்தாள். விசிறி விசிறி அதன் ஓரம் நார்நாராகக் கிழிந்திருந்தது. மற்ற வேவுக்காரிகளின் சிறகுகளும் அப்படித்தான் இருந்தன.

கருங்கண்ணி தானே பறந்தாள். ஆற்று வளைவில் நாவல் பூத்து ஓய்ந்திருந்தது. பூவெல்லாம் தரையில் கிடந்தது. மூச்சிரைக்க அக்கரைக்குப் போனாள். அங்கே ஒரு மேட்டில் தும்பை பூத்திருந்தது. திரும்பி வந்து, பழக்கமில்லாத கால்களால் தடுமாறி ஆடினாள். பிழைத்திருந்தவர்கள் அந்தத் திசையில் பறந்தார்கள்.

ஆனால் பாதி அறைகளில் புழுக்கள் அசையவில்லை. அவற்றை வெளியே சுமந்து போடும் வேலையையும் கருங்கண்ணிதான் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே இருப்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர், வெளியே காலம் எப்படி மாறுகிறது என்று பார்த்து வரவும் ஆள் அனுப்பியே தீர வேண்டும்.