தேயாத சம்மட்டியும் பேசாத ஐம்பது நாளும்

முன்னொரு காலத்தில் என்றால் எந்தக் காலத்தில் என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்கும் தெரியாது. மலையை உடைத்துப் பொன் எடுக்கிற ஒரு ராஜ்யம் இருந்தது, அவ்வளவுதான் தெரியும். அந்த ராஜாவுக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு தூக்கம் போட்டாக வேண்டும். தூக்கம் வருவதற்கு வீணை வேண்டாம், விசிறி வேண்டாம். மலையடிவாரத்து இடிகூடத்தில் பொன்கல்லை இடிக்கிற சம்மட்டிச் சத்தம் காதில் விழ வேண்டும். ஆற்றுத் தண்ணீர் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றும். சக்கரம் ஆள் உயரத்துச் சம்மட்டியைத் தூக்கித் தூக்கிக் கீழே போடும். கீழே கல் உரலில் கிடக்கிற பொன்கல் பொடியாகும். அந்தத் தொம் தொம் சத்தம் கேட்டால் போதும், மகாராஜா பச்சைப் பிள்ளை மாதிரி கண் அயர்ந்துவிடுவார்.

ஆனால் அந்தச் சம்மட்டி பத்து நாளைக்கு மேல் தாங்குவதில்லை. முகம் தேய்ந்து மொக்கையாகிவிடும். அதைக் கழற்றி வேறு மாட்ட இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் ராஜாவுக்குத் தூக்கம் இல்லை; ராஜாவுக்குத் தூக்கம் இல்லையென்றால் சபையில் ஒருவனுக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு தடவையும் கொல்லன் தாண்டவ ஆசாரியைக் கூப்பிட்டு முதுகில் பத்துக் கசையடி கொடுத்து அனுப்புவார்கள். அவனும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுத்த சம்மட்டியை அடிக்கப் போய்விடுவான்.

அந்தச் சபையில் விகடனாக இருந்தவன் ஏகாம்பரம். அவன் வாயைத் திறந்தால் போதும், தூணுக்குப் பின்னால் நிற்கிற சேவகன் வரைக்கும் சிரிப்பான். ஆனால் சபை கலைந்த பிறகு அவனோடு ஒருவனும் நடந்து போனதில்லை. மனைவி போய் ஆறு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் ஒரு பானை, ஒரு பாய், ஒரு ஆள். அதனால் அவன் சபைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போவான். அது ராஜ விசுவாசம் என்று ராஜா நினைத்துக்கொண்டிருந்தார்.

பிரதானி கங்காதரருக்கு அது என்னவென்று தெரியும். ஏகாம்பரத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஒருமுறை அவருடைய தலைப்பாகையைப் பார்த்து, "உள்ளே ஒன்றும் இல்லாததற்கா இத்தனை சுற்று?" என்று ஏகாம்பரம் கேட்டுவிட்டான். சபை மூன்று நாள் சிரித்தது. பிரதானி அதை மனதில் முடிந்து வைத்திருந்தார்.

ஒருநாள் சம்மட்டி நின்றுபோன பகலில் ராஜா சபைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"தேயாத சம்மட்டி ஒன்று எமக்கு வேண்டும்! நாற்பது நாள் நிற்காமல் இடிக்க வேண்டும். ஒரு மயிரிழை குறையக் கூடாது!"

தாண்டவ ஆசாரி கைகட்டி நின்றான். "மகாராஜா, இரும்ப விறைப்பா காய்ச்சினா உடைஞ்சு போகுது. இளக்கமா விட்டா தேஞ்சு போகுது. நானும் எத்தனையோ பக்குவம் பாத்துட்டேன்."

"கசை!" என்றார் ராஜா.

ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. "மகாராஜா, ஆசாரியின் முதுகும் பத்து நாளைக்கு ஒருமுறை தேய்கிறதே. அதை மாற்றுவதற்கு நம்மிடம் வேறு முதுகும் இல்லையே!" என்றான்.

சபை சிரித்தது. கசையை எடுத்தவன்கூடச் சிரித்துக் கையை இறக்கிவிட்டான். பிரதானி மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றார்.

"மகாராஜா, விகடர் அறியாத உபாயம் உண்டோ? அவரே சம்மட்டி சமைத்துத் தரட்டும். செய்வதற்குப் பத்து நாள், ஓட்டிக் காட்டுவதற்கு நாற்பது நாள். கவனம் சிதறாமல் இருக்க ஒரு சிறு விண்ணப்பம். இந்த ஐம்பது நாளும் அவரோடு எந்த மனிதரும் பேசலாகாது. அவரும் எந்த மனிதரோடும் பேசலாகாது. பேசியவருக்குப் பத்துக் கசையடி. சம்மட்டி தேய்ந்துவிட்டால், அதே கட்டளை விகடரின் ஆயுள் முழுவதும் நீடிக்கட்டும்."

ராஜா கொட்டாவி விட்டார். கொட்டாவியோடு கொட்டாவியாக, "அப்படியே ஆகட்டும்" என்றார்.

அந்தப் பாவி பிரதானிக்கு அடிக்க வேண்டிய இடம் தெரிந்திருந்தது பாருங்கள். நாடு கடத்தியிருந்தால்கூட ஏகாம்பரம் போகிற ஊரில் நாலு பேரைச் சிரிக்க வைத்துப் பிழைத்துக்கொண்டிருப்பான். இது அப்படியா? சொந்த ஊரிலேயே சாகிறவரை ஒரு வார்த்தை கிடையாது.

மறுநாள் கடைத்தெருவில் கீரைக்காரி அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் அவனை வம்புக்கு இழுக்கிறவள்தான். இன்றைக்குக் கீரைக்கட்டை எடுத்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தாள். கூட்டமாய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவன் கிட்டே வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், தாண்டிப் போனதும் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்தால் அழுகை வந்தது. கடைசியில் இடிகூடத்துக்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டான். அங்கே வேறு சம்மட்டி மாட்டி ஓடத் தொடங்கியிருந்ததால் சத்தமாவது இருந்தது.

அங்கே பன்னிரண்டு பேர் வேலை செய்தார்கள். எல்லோரும் அவனை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பேச ஆள் இல்லாதவன் என்ன செய்வான்? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். முதல் இரண்டு நாள் எல்லா அடியும் ஒரே மாதிரிதான் கேட்டது. மூன்றாம் நாள்தான் வித்தியாசம் பிடிபட்டது. ஏழு அடி 'ணங் ணங்' என்று விழுந்தது, அப்புறம் நெடுநேரம் 'தொம் தொம்' என்று விழுந்தது, மறுபடி ஏழு 'ணங்'.

எழுந்து போய்ப் பார்த்தான். விஷயம் இதுதான். பொன் பொடியை யாராவது உரலிலேயே பதுக்கிவிடுவார்களோ என்று பிரதானி ஒரு கட்டளை போட்டிருந்தார். ஒரு கூடைக் கல் பொடியானதும் சம்மட்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு பருக்கை மிஞ்சாமல் உரலைத் துடைப்பத்தால் பெருக்கிவிட வேண்டும். பிறகு வெறும் உரலில் ஏழு அடி விழ வேண்டும். 'ணங்' என்று கேட்டால் உரல் காலி, திருட்டு இல்லை என்று காவலன் தலையசைப்பான். அதன்பிறகுதான் அடுத்த கூடையைக் கொட்டலாம். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. ஒருவனும் ஏன் என்று கேட்டதில்லை.

ஏகாம்பரம் குனிந்து உற்றுப் பார்த்தான். 'ணங்' என்று விழுந்த ஒவ்வொரு அடிக்கும் நெருப்புப் பொறி பறந்தது, கூடவே இரும்புச் செதிலும் உதிர்ந்தது. 'தொம்' என்று விழும்போது ஒன்றும் உதிரவில்லை. பொன்கல் இரும்பைத் தின்னவே இல்லை. நடுவில் ஒன்றும் இல்லாமல் விழுகிற அடிதான் இரும்பைத் தின்கிறது!

அவனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும். திரும்பினான். பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருவனிடமும் சொல்ல முடியாது. வாயைத் திறந்து மூடிக்கொண்டு பழையபடி மூலைக்குப் போய் உட்கார்ந்தான்.

வெற்றடியை நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. அது பிரதானி கட்டளை. அப்படியானால் அந்த ஏழு அடியும் வெறும் அடியாக இருக்கக் கூடாது. யோசித்தான். ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுத் தாண்டவ ஆசாரியின் பட்டறைக்குப் போனான். ஆசாரி துருத்தியை அமுக்கிக்கொண்டிருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை. தேய்ந்துபோன பழைய சம்மட்டி ஒன்று தரையில் கிடந்தது. ஏகாம்பரம் அதன் எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"ஏ சம்மட்டி, உன்கிட்டதான் பேசுறேன், எந்த மனுஷன்கிட்டயும் இல்ல. உன் முகத்த வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல வாய் மாதிரி ஒரு பள்ளம் வெச்சா என்ன?"

ஆசாரி துருத்தியை நிறுத்தினான். பட்டறைக்கல்லைப் பார்த்துச் சொன்னான்: "ஏ பட்டறைக்கல்லே, முகமே இல்லாத சம்மட்டி எதால இடிக்குமாம்?"

ஐந்து நாளில் முதல்முறையாக ஒரு மனிதக் குரல்! ஏகாம்பரம் சம்மட்டிக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தான். "கல்லால இடிக்கும், சம்மட்டி! ஈரப் பொடிய அந்த வாய்ல அடைச்சு ரெண்டு விரக்கடை வெளிய நீட்டிவிட்டா, கல்லே கல்ல இடிக்கும். தேயறது அடைச்ச பொடி. அடுத்த கூடையில புதுப் பொடி தானா ஏறிக்கும். இரும்பு சும்மா பின்னால நின்னு தள்ளினா போதும்."

"பட்டறைக்கல்லே, இது சுத்தக் கிறுக்குத்தனம்" என்றான் ஆசாரி. முதுகைச் சொறிந்துகொண்டான். "ஆனா என் முதுகுல இனிமே இடம் இல்ல. செஞ்சு பாப்போம்னு அந்தச் சம்மட்டிகிட்ட சொல்லு."

வாசலில் நின்ற பிரதானியின் சேவகன் உள்ளே பாய்ந்தான். "ஓய் விகடரே! யாரோட பேசுறீர்?"

ஏகாம்பரம் சம்மட்டியைக் காட்டினான். பிறகு சேவகனைக் காட்டினான். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டிவிட்டுப் பத்து விரலையும் விரித்து அவன் முதுகுப் பக்கமாக நீட்டினான். விகடரோடு பேசியவன் யார் என்பது சேவகனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஆசாரி பட்டறைக்கல்லைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

முதலில் செய்தது சரிவரவில்லை. மூன்றாவது அடியிலேயே அடைத்த பொடி பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. ஆசாரி பட்டறைக்கல்லிடம் இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு, வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் ஊறுகாய்ச் சாடி மாதிரி ஒன்று செய்தான். அதற்குள் போன பொடி இறுகிப் பாறையாகிவிட்டது, வெளியே வரவே இல்லை. பத்தாம் நாள் சம்மட்டியை மாட்டினார்கள். இறுகிய பொடி வெறும் உரலில் மோதினாலும் 'ணங்' என்றே கேட்டதால் காவலன் வழக்கம்போலத் தலையசைத்தான். பிரதானி வந்து இரும்பின் நீளத்துக்கு ஒரு பனையோலையைச் சரியாக நறுக்கி முத்திரை வைத்து எடுத்துப்போனார். போகிறபோதே, ஆசாரியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பட்டறைக்கு மாற்றிவிட்டும் போனார். சேவகன் எப்படியோ விஷயத்தை எட்டவைத்திருந்தான்.

அதற்கப்புறம் நாற்பது நாள். அதை எப்படிச் சொல்வேன்? ஏகாம்பரம் சம்மட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அது இடித்தது. முதலில் சில நாள் மனதுக்குள் விகடம் கட்டிப் பார்த்தான். யாரும் சிரிக்காததால் அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இருபது நாளுக்குப் பிறகு விகடம் வருவது நின்றுவிட்டது. முப்பதாவது நாளோ என்னவோ, சம்மட்டியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவன், கரகரவென்று வந்த குரலைக் கேட்டு யாரோ வந்துவிட்டார்கள் என்று திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. அன்றைக்குப் பிறகு அவன் சம்மட்டியோடும் பேசவில்லை.

கெடு முடிந்ததும் சம்மட்டியை வண்டியில் ஏற்றிச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கழற்றி ஏற்ற ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டிருந்த தாண்டவ ஆசாரியும் கூடவே வந்து ஓரமாக நின்றான். ஓலையை வைத்து அளந்தார்கள். ஒரு மயிரிழை குறையவில்லை. நாற்பது நாளும் நன்றாகத் தூங்கிய ராஜாவின் முகம் பளபளவென்று இருந்தது.

பிரதானி விடுவாரா? "மகாராஜா! இது சம்மட்டியே அன்று, இரும்புச் சாடி. இதன் வாய்க்குள் தங்கள் பொன்பொடி ஒளிந்திருக்கிறது. ஒரு பருக்கை மிஞ்சலாகாது என்பது கட்டளை. விகடர் திருடிவிட்டார்!"

"ஏகாம்பரம், பேசு" என்றார் ராஜா.

ஏகாம்பரம் இரண்டு தடவை செருமினான். "மகாராஜா, உரலில் ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது என்பதுதான் கட்டளை. உரலில் மிஞ்சவில்லை. தங்கள் பொருளைத் தங்கள் சம்மட்டிக்குள்ளேயே, பிரதானியாரின் காவலன் எதிரிலேயே ஒளித்துவைத்த திருடன் நான்தான். தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று பார்த்தேன், ஆறு எருது கேட்கிறது!"

ராஜாவின் மீசை சிரிப்பில் துடித்தது. "சம்மட்டி எப்படித் தேயாமல் இருந்தது?"

"முகம் இருந்தால்தானே தேயும்? எடுத்துவிட்டேன். இல்லாத முகத்தை யார் தேய்ப்பது, மகாராஜா?"

"சரி, பழையவை ஏன் தேய்ந்தன?"

ஏகாம்பரம் ஏழு வெற்றடியைப் பற்றிச் சொன்னான். கூடைக்கு ஏழு என்றால் நூறு கூடைக்கு எத்தனை என்று ராஜாவே விரல்விட்டுப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டார். பிரதானி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படியானால் பதினெட்டு வருஷமாக ஆசாரி வாங்கிய கசையடி?" என்றார் ராஜா.

"முதுகு மாறி விழுந்துவிட்டது, மகாராஜா."

ராஜா சிங்காசனத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெற்றடிக் கட்டளை அங்கேயே ரத்தாயிற்று. அடுத்த சம்மட்டி தேய்ந்தால் அடி பிரதானிக்கு என்று உத்தரவாயிற்று. ராஜா தம் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றி ஏகாம்பரத்தின் கையில் தாமே போட்டார். "ஐம்பது நாள் வாய்க்கட்டு! அதில் உனக்கு எது பெரிய கஷ்டமாக இருந்தது? மறைக்காமல் சொல்."

ஏகாம்பரம் யோசிக்கவில்லை. "சாப்பிட்டாயா என்று ஒருத்தர் கேட்கவில்லை, மகாராஜா."

ராஜா ஒரு கணம் அவனைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாப்பாட்டு ராமனய்யா இவன்! நூறு மூட்டை நெல் அனுப்புங்கள் இவன் வீட்டுக்கு!" சபை முழுக்கச் சிரித்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவனும் வழக்கப்படி குனிந்து கும்பிட்டான்.

சபை கலைந்தது. ராஜா தூங்கப் போய்விட்டார். ஆளுக்கு ஒரு வார்த்தை வாழ்த்திவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஏகாம்பரம் பொற்காப்போடு கோட்டை வாசலில் வந்து நின்றான். அங்கே வண்டியில் சம்மட்டியைக் கட்டிக்கொண்டிருந்த தாண்டவ ஆசாரி கயிற்றை விட்டுவிட்டு அவனைப் பார்த்தான். சபையில் சிரிக்காத ஒரே ஆள் அவன்தான். கிட்டே வந்து, நேருக்கு நேராய் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

"சாப்பிட்டீங்களா, இல்லையா?"

எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லுகிற வாய் அது. இப்போது ஒரு வார்த்தை வரவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தான், அசைக்கும்போதே அழுதுவிட்டான்.