நீல நடையும் நாக்குப் பேயும்

சர்ர்ர்க்... சளப்... சளப்.

கேட்டுச்சா? பயப்படாதே செல்லம், அது நம்ம வீட்டுல இல்ல. கதைக்குள்ள கேக்குற சத்தம். போர்வையைக் காலுக்கு இழுத்துக்கோ. நீ "ம்" சொல்லணும், அப்பத்தான் கதை நகரும்.

ம்.

ஒரு ஊர்ல ஒரு நடை இருந்துச்சு. ராஜா இல்ல, ராணி இல்ல, ஒரு நரிகூட இல்ல, நடைதான். தெருக்கதவைத் திறந்து உள்வீட்டுக்குப் போற வரைக்கும் ரெண்டு பக்கமும் சுவரு வச்சு ஒரு இடுக்கு இருக்குமே, அது. கடற்கரை ஊரு பாத்துக்கோ. உப்புக்காத்து பட்டுப் பட்டு அந்தச் சுவரெல்லாம் கறுத்துப் பொரிஞ்சு, கையை வச்சா பொலபொலன்னு உதிரும்.

அந்த வீட்டுக்குப் புதுசா குடி வந்தவ பேரு எமரென்சி. அவ புருஷன் கஸ்பார் தோணிக்காரர். வெங்காயம், செங்கல்லு, ஓடு எல்லாம் ஏத்திக்கிட்டு கடல் தாண்டிப் போற பெரிய மரத்தோணி. குடி வந்த மூணாம் நாளே தோணி கிளம்பிருச்சு. "அடுத்த சனிக்கிழமை வந்துருவேன் எமி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அப்போ வீட்டுல மிச்சம் யாரு? எமரென்சியும், தொட்டில்ல சிட்டுன்னு ஒரு குட்டிப் பாப்பாவும்.

எமரென்சிக்குப் பகல்ல பயமே கிடையாது. மீன்காரிகிட்ட மல்லுக்கு நிப்பா, தேளைச் செருப்பால அடிப்பா. பொழுது சாஞ்சா மட்டும், பல்லி உச்சுக் கொட்டினாக்கூட பாப்பாவை அள்ளிக்கிட்டுக் கட்டில்ல ஏறிருவா. ராத்திரி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுறது எப்பவும் கஸ்பார் வேலை. அவர் இல்லாத வீட்டுல சும்மா உக்காந்தா பயம் வரும்னு அவ என்ன யோசிச்சா தெரியுமா? "நடைக்கு நீலம் அடிப்போம். அவர் வந்து கதவைத் திறந்தா, கடலை விட்டு இறங்குனோமா இல்ல கடலுக்குள்ளதான் வந்தோமான்னு முழிக்கணும்!"

ம்.

அப்புறம் சுண்ணாம்புக் கல்லை வாளியில போட்டா. தண்ணி ஊத்துனா. கொதகொதகொத... புஸ்ஸ்ஸ்! வெந்து ஆறின சுண்ணாம்புல, வேட்டிக்குப் போடுற நீலப்பொடியைத் தட்டுனா. விடியக்காலத்து வானம் மாதிரி ஒரு நீலம் வந்துச்சு. அப்போ அவளுக்கு ஒரு ஞாபகம். அந்தக் காலத்துச் சுவரெல்லாம் கருப்பட்டித் தண்ணி ஊத்திக் கட்டுனதாம், கடப்பாறை போட்டாலும் அசையாதாம். "அப்ப என் நீலமும் அசையக் கூடாது"ன்னு ரெண்டு சில்லுக் கருப்பட்டியைக் கரைச்சு வாளியில ஊத்திட்டா. கருப்பட்டி ஊத்துறது சுவரைக் கட்டுறதுக்கு, சுவருக்கு அடிக்கிறதுக்கு இல்லைன்னு அவளுக்கு யாரு சொல்றது?

சரக் சரக்குன்னு நார் மட்டையால அடிச்சா. சுவரு வானமாயிருச்சு. அப்புறம் வாசப்படிக் கல்லு மேல சுண்ணாம்பைக் கெட்டியா அப்பி, கடற்கரையில பொறுக்குன சிப்பியெல்லாம் பதிச்சு ஒரு மீன் பண்ணுனா. செதிலுக்குச் சின்னச் சிப்பி, வாலுக்கு நீட்டுச் சிப்பி. கண்ணு வைக்கிற இடத்துல கல்லுல தானாவே ஒரு குழி இருந்துச்சு. "அட, எனக்குன்னே தோண்டி வச்சிருக்காங்களே!" ஒரு பெரிய வெள்ளைச் சிப்பியை அந்தக் குழியில வச்சு அழுத்துனா. மீன் முழிச்சிருச்சு. பாப்பா கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

சாயங்காலம் கதவைச் சாத்தி அடித் தாழ்ப்பாளை இறக்குனா. டக். இறங்கல. டக், டக். இறங்கவே இல்ல. குனிஞ்சு பார்த்தா, ஐயோ! மீன் கண்ணு இருக்கிற குழிதான் தாழ்ப்பாள் இறங்குற குழி! அந்தக் கதவுக்கு வேற தாழ்ப்பாளும் கிடையாது.

"இந்தக் கண்ணைப் பெயர்த்துர வேண்டியதுதான்"னு கதவைத் திறந்து, கரண்டிக் காம்பை வச்சா. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிரகாசி அக்கா ஆடு மேய்ச்சுட்டு வந்துச்சு. சீனி, பூந்தி, மைனர்னு மூணு ஆடு. புள்ளைங்க மாதிரி வளர்க்குது, கட்டிப் போடவே போடாது.

"ஏளா எமரென்சி, என்ன பண்ணுதே?"

"தாழ்ப்பாள் இறங்கலக்கா. மீனோட கண்ணை எடுக்கப் போறேன்."

"அடிப் பாவி! கண்ணில்லாத மீனு வாசப்படியில கிடந்தா, கடலுக்குப் போனவனுக்குக் கரை தெரியாதுன்னு உங்க ஊர்ல சொல்ல மாட்டாகளா? எங்க ஊர்ல கண்ணு வரையாமத் தோணியையே தண்ணியில இறக்க மாட்டோம்."

எமரென்சி கையிலேர்ந்து கரண்டி விழுந்துச்சு. டிங்!

பாத்தியா அவ பாடு? கண்ணை எடுத்தா கஸ்பாருக்கு ஆபத்து. எடுக்கலைன்னா ராத்திரி கதவு திறந்தே கிடக்கும், கைப்பிள்ளை வீடு. அப்போ அவ முக்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டு, "சேசுவே, நீங்கதான் காவல்"னு போர்வைக்குள்ள போயிட்டா.

ம். தூங்கலையே? சரி.

நடு ராத்திரி. கிரீ...ச். அது கதவு. சர்ர்ர்க். அது முக்காலி நகர்ற சத்தம். அப்புறம், சளப்... சளப்... சளப்.

எமரென்சிக்குப் பல்லு கிடுகிடுங்குது. "யா... யாரு?" சளப். பாப்பாவைக் கட்டிக்கிட்டு, ஜெபமாலையை உருட்டு உருட்டுன்னு உருட்டி விடிய வச்சா.

காலையில பார்த்தா, சுவத்துல இடுப்பு உசரத்துக்கு நீலத்தையே காணோம்! நக்கி எடுத்த மாதிரி பளபளன்னு இருக்கு.

"யக்கா! ராத்திரி பேய் வந்து நீலத்தைத் தின்னுட்டுப் போயிருக்கு!"

பிரகாசி அக்கா மூக்குல விரலை வச்சுது. "எனக்கும் நேரம் சரியில்லளா. என் சீனி காலையிலேர்ந்து தழையில வாய் வைக்கவே இல்ல. நாக்கு வேற நீலமாக் கிடக்கு. விஷப்பூச்சி கடிச்சிருக்குமோ?"

"ஐயோ, பாவம்கா"ன்னா எமரென்சி.

என்ன சிரிக்கிறே? கண்டுபிடிச்சிட்டியா? உஷ்! சொல்லிராதே. அவங்க ரெண்டு பேருக்கும் இன்னும் தெரியாது.

"வெளிர் நீலம்னா பேய்க்கு இளக்காரம்ளா. நல்லா அடர்த்தியா அடி"ன்னு சொல்லிட்டு அக்கா போயிருச்சு.

அப்போ எமரென்சி ரெண்டாவது நீலம் கரைச்சா. நட்டநடுக் கடல் நீலம். இந்தத் தடவை ஒட்டணுமேன்னு நாலு சில்லுக் கருப்பட்டி! காய்ஞ்ச பிறகு வெண்டைக்காயைக் குறுக்க நறுக்கி, வெள்ளைச் சுண்ணாம்புல தொட்டு, டப் டப் டப்னு சுவரு முழுக்க அச்சுக் குத்துனா. ஒவ்வொரு டப்புக்கும் ஒரு பூ. தெருவுல போறவங்க எல்லாம் நின்னு எட்டிப் பார்த்தாங்க. "என்ன பூவும்மா இது?" "வெண்டைக்காய்ப் பூ!" "குழம்புக்கு மிச்சம் வச்சியா?" ஒரே சிரிப்பு. எமரென்சிக்குக் கால் தரையில நிக்கல.

ராத்திரி முக்காலி மேல அரிசி டின்னையும் தூக்கி வச்சா. நடு ராத்திரி, கிரீ...ச். சர்ர்ர்க். டமார்! அரிசி டின்னு உருளுது, கடகடகட. அப்புறம் சளப் சளப், சளக் சளக். இப்போ ரெண்டு நாக்கு!

காலையில வெண்டைக்காய்ப் பூவுல பாதி இல்ல. நடையில ஒரு மணி அரிசிகூட இல்ல.

"யக்கா, பேய் கல்யாணம் பண்ணிக்கிச்சு போல. ஜோடியா வருது."

"உன் கதை கிடக்கட்டும்ளா. என் பூந்திக்கும் நாக்கு நீலமாயிருச்சு. வயிறு வேற ஊதிப்போய்க் கிடக்கு. எனக்கு யாரோ செய்வினை வச்சுட்டாகளா!"

ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு அழுதாங்க. பக்கத்துல சீனியும் பூந்தியும் நின்னு உதட்டை நக்கிக்குது.

ம், சிரிச்சது போதும், பாயை விட்டு உருளாதே.

மூணாம் நாள் வெள்ளிக்கிழமை. விடிஞ்சா கஸ்பார் வந்துருவார். அதனால எமரென்சி மூணாவது நீலம் கரைச்சா. மயில் கழுத்து நீலம்! கருப்பட்டி எத்தனை? ஒரு முழு வட்டு! ஈரம் காயுறதுக்குள்ள பல்லு போன பழைய சீப்பை வச்சு இழுத்தா. சர்ர்ர்ருன்னு ஒரு அலை. அது பக்கத்துல இன்னொரு அலை. நடை முழுக்க அலை புரளுது. கையெல்லாம் நீலம், மூக்கெல்லாம் நீலம், கொண்டை நீலம். அலுப்புல குளிக்கக்கூட இல்ல. முக்காலி, அரிசி டின், டிரங்குப் பெட்டி, அது மேல ஏழு பாத்திரம்னு அடுக்கி வச்சுட்டு அப்படியே சாஞ்சுட்டா. தூக்கம் கண்ணைச் சொருகிருச்சு.

கிரீ...ச். சர்ர்ர்க். டமார் டிமீர் டிங் டணங் டொய்ங்ங்ங்!

அவ எழுந்திரிக்கல. சளப் சளப், சளக் சளக், சப்பு சப்பு. மூணு நாக்கு! அப்பவும் எழுந்திரிக்கல.

அப்புறம் ஒரு சின்னச் சத்தம். கிளுக்.

அது பாப்பா.

அப்போ எழுந்தா பாரு! தொட்டில் பக்கத்துல ரெண்டு கண்ணு மினுக் மினுக்னு எரியுது. கீழ ஒரு நீலத் தாடி தொங்குது. அது பாப்பாவோட உள்ளங்காலை நக்குது, பாப்பா கிளுக் கிளுக்னு சிரிக்குது. எமரென்சி பயத்தையெல்லாம் எங்க போட்டான்னு தெரியல. விளக்குமாத்தை எடுத்தா, "என் புள்ளையைத் தொடாதே!"ன்னு ஒரு கத்து கத்துனா. தெருவே அதிர்ந்துச்சு.

"ம்மே!"ன்னுச்சு பேய்.

அந்தக் கத்தல்ல பிரகாசி அக்கா தீர்த்தப் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு நடைக்குள்ள ஓடி வந்துச்சு. எதிர்ல பார்த்தா, தலைவிரி கோலமா, மூஞ்சி முழுக்க நீலமா ஒரு உருவம், கையில விளக்குமாறு!

"ஐயோ, பேயி!" புளிச், புளிச்னு தீர்த்தத்தை எறிஞ்சுது.

"யக்கா, நான்தான்கா!"

"பேய்க்கு நான் அக்காவா? போ, கடலுக்குப் போ!"

"எமரென்சிதான்கா! கண்ணுல பட்டுருச்சுக்கா!"

அந்த நேரம் பார்த்து ரெண்டு பேருக்கும் நடுவுல மைனர் நடந்து போச்சு. தாடி நீலம், நாக்கு நீலம், மூக்கு நுனியில சீப்பு இழுத்த அலை ஒண்ணு. பின்னாலயே பூந்தி. அதுக்குப் பின்னால, பாப்பா காலை விட மனசில்லாம, சீனி.

அப்புறம் பிரகாசி அக்கா சுவத்தை விரலால தொட்டு நாக்குல வச்சுது.

"ஏளா... இனிக்குதேளா!"

அவ்வளவுதான். ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, பாத்திரத்துக்கு நடுவுல உக்காந்து, கண்ணுல தண்ணி வர வர சிரிச்சாங்க. "கருப்பட்டி போட்டா ஆடு என்ன, நானே வந்து நக்குவேன்ளா"ன்னுச்சு அக்கா. மூணையும் ஓட்டிக்கிட்டுப் போகும்போது, "இன்னைக்குக் கட்டிப் போடுதேன். அவுத்துக்கிட்டு வந்தா நான் என்ன செய்ய?"ன்னும் சொல்லிட்டுப் போச்சு.

ம்...

எமரென்சி தனியா நின்னா. பேய் இல்ல, சரி. இன்னைக்கு வந்தது ஆடு. தொட்டில் வரைக்கும் வந்துருச்சே. நாளைக்கு வர்றது ஆடாத்தான் இருக்கும்னு யாரு சொன்னது? விளக்கைத் தூக்கிக்கிட்டு வாசப்படியில உக்காந்து மீனைப் பார்த்தா. மீன் அவளைப் பார்த்துச்சு. தூரத்துல கடல் இரையுது. அந்த இருட்டுல எங்கேயோ கஸ்பார் தோணி.

"அவருக்குக் கரை தெரியணும். என் புள்ளைக்குக் கதவு சாத்தணும். ஒண்ணை விட்டு ஒண்ணை எடுன்னா நான் எதை எடுப்பேன்?"ன்னு மீன்கிட்டயே கேட்டா. தொட்டில்ல சிட்டு சிணுங்குச்சு.

அவ கண்ணை இறுக மூடிக்கிட்டு, கரண்டிக் காம்பை வச்சு ஒரு தட்டு தட்டுனா. ணங். வெள்ளைச் சிப்பி தெறிச்சு விழுந்துச்சு. மீன் மூஞ்சியில வெறும் குழி. பார்க்கவே முடியல. "என்னை மன்னிச்சிரு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே கதவைச் சாத்துனா. தாழ்ப்பாளைப் பிடிச்சு மெல்ல இறக்குனா.

சர்ர்ர்... டக்.

கண்ணைத் திறந்து விளக்கைக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தா, அந்தக் கறுத்த இரும்புத் தாழ்ப்பாள் குழியில கச்சிதமா உக்காந்து, விளக்கு வெளிச்சத்துல மினுங்குது. மீனுக்குக் கருவிழி வந்துருச்சு! முன்ன இருந்தது வெறும் வெள்ளைப் பூ விழுந்த கண்ணு. இதுதான் நெஜக் கண்ணு. பகல்ல தாழ்ப்பாளைத் தூக்கினா தூக்கட்டும், பகல்ல எந்தத் தோணிக்குக் கண்ணு வேணும்? ராத்திரிக்குத்தானே வேணும்!

எமரென்சிக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. சீப்பு இழுத்த அலைக்கு நடுவுல, நீல மூக்கோட, ஒரு காலைத் தூக்கி ஒரு சுத்து ஆடுனா. அப்புறம் விளக்கை அணைச்சா, பாப்பாவைப் பக்கத்துல போட்டுக்கிட்டா.

ம் காணோமே. சரி, சரி. நடைக்கு நீலம் அடிச்சாச்சு, ஆட்டைக் கட்டியாச்சு, கதையும் உள்ள வந்துருச்சு. மூடு கண்ணை, என் தங்கம். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கு.