வெள்ளச்சியோட தண்ணிச் சக்கரம்

ஒரு மலையூர்ல ஒரு மாவு மில்லு. கரண்டும் கிடையாது, டீசலும் கிடையாது. ஓடைத் தண்ணி மேலருந்து மரச்சக்கரத்துல விழும், அது சுத்தும், உள்ள கல்லு கேழ்வரகு அரைக்கும். ரொம்பப் பழசுன்னு அதை மியூசியம் ஆக்கிட்டாங்க. சாவி வெள்ளச்சி கையில. வர்றவங்களுக்கு ஓட்டிக் காட்டுறது அவ வேலை. ம் சொல்லு, அப்பத்தான் மேல சொல்லுவேன்.

அப்புறம் ஒரு ஆபீசர் வந்தார். ஈரம் பட்டா மரம் உளுத்துடும்னு தண்ணியை அடைச்சு, மேல தகரம் போட்டு, 'நனைக்காதீர்கள்'னு போர்டும் மாட்டிட்டார். ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஓட்டினாப் போதுமாம். வெள்ளச்சியும் கோடை பூரா ஒரு சொட்டு படாம துடைச்சுத் துடைச்சு வெச்சா.

ஆடிப்பெருக்கு வந்துச்சு. தண்ணியைத் திறந்தா சக்கரம் அசையலை.

"திங்கக்கிழமை வருவேன். அப்பவும் சுத்தலைன்னா கழட்டி டவுன்ல கண்ணாடிக்குள்ள வெச்சுடுவோம்"னார் ஆபீசர்.

வெள்ளச்சி விடுவாளா? பொறந்ததுலருந்து அவ கேட்ட சக்கரச் சத்தமாச்சே.

அப்போ முதல்ல அச்சுக்கு எண்ணெய் விட்டா. கிறீச்... அவ்வளவுதான். அப்புறம் வாய்க்கால்ல அடைச்ச சருகையெல்லாம் வாரினா. தண்ணி தடதடன்னு வந்துச்சு. ஆனா சக்கரத்து விளிம்புல வரிசையா இருக்கிற மரப்பெட்டியில தண்ணி நிறைஞ்சாத்தானே கனம் இழுத்துச் சுத்தும்? பலகைக்குப் பலகை விரல் போற இடுக்கு. சொளசொளன்னு ஒழுகிப் போச்சு.

தூங்கிட்டியா? ம், சரி.

வியாழக்கிழமை நல்ல மழை. மில்லுக் கதவு திறக்கவே மாட்டேங்குது. உப்பிக்கிச்சு. நம்ம பாத்ரூம் கதவுல நீ மாட்டிக்கிட்டு அழுதியே, அதேதான். கதவை உதைச்ச வெள்ளச்சி அப்படியே நின்னுட்டா. சக்கரத்தைப் பார்த்து, "அட, உனக்குத் தாகம்டா"ன்னா.

அப்புறம் என்ன, சக்கரம் பூரா ஈரச்சாக்கைச் சுத்தி, மூணு நாளும் குடம் குடமா ஊத்தினா. மரம் ஊறிச்சு, இடுக்கெல்லாம் மூடிக்கிச்சு.

திங்கக்கிழமை ஆபீசர் வந்து பார்க்கிறார், போர்டுக்குக் கீழயே ஊத்திக்கிட்டு நிக்கிறா.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"தெரியுங்கய்யா. ஒரு கோடை பூரா அதைப் படிச்சுத்தான் இது காஞ்சு போச்சு"ன்னு சொல்லி, சாக்கை அவுத்துட்டுத் தண்ணியைத் திறந்துவிட்டா.

டொக்... டொக்... கடகட, கடகட. கல்லு சுத்துது, ஆபீசர் மீசையெல்லாம் கேழ்வரகு மாவு. வெள்ளச்சி அழுதுட்டா, சந்தோசத்துல.

ஆபீசர் மீசையைத் துடைச்சுக்கிட்டார். போர்டைக் கழட்டித் திருப்பினார். சாக்பீஸ் வாங்கி, 'தினமும் நனைக்கவும்'னு எழுதி, அவரே திரும்ப மாட்டினார்.

சக்கரம் ஓட ஆரம்பிச்சாச்சு, கதை நின்னாச்சு. ம் சத்தத்தையே காணோமே. தூங்கு கண்ணு.