வீச்சும் பேச்சும்

"டீச்சர், எல்லாம் உள்ள இருக்கு. வாய்க்கு மட்டும் வர மாட்டேங்கு" என்றார் ஐயம்பெருமாள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் படியிறங்கிவிட்டார்கள். பெனிட்டா டீச்சர் போர்டை அழித்துக்கொண்டிருந்தார்.

டீச்சருக்கு வயது இருபத்தெட்டு. மாணவருக்கு ஐம்பத்தாறு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் முப்பது வருஷமாகப் புரோட்டா மாஸ்டர். ஊரே அவர் கைக்கு அடிமை. ஆனால் காலையில் மட்டும், மருந்துக்கடை மாடியில் நடக்கும் இந்த இங்கிலீஷ் வகுப்பில், கடைசி பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"உள்ள என்னென்ன இருக்கு, மாஸ்டர்?"

நோட்டை நீட்டினார்.

பக்கத்துக்கு மூன்று பத்தி. முதலில் இங்கிலீஷ், நடுவில் அதையே தமிழ் எழுத்தில், கடைசியில் அர்த்தம். விருந்தாளியை வரவேற்க ஆறு வாக்கியம். பரிமாறும்போது சொல்ல ஒன்பது. சந்தோஷத்துக்கு ஒரு பக்கம், வருத்தத்துக்கு ஒரு பக்கம். தும்மல் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட இருந்தது.

டீச்சர் அசந்துபோனார். அதை மறைக்கவும் இல்லை.

"காலேஜ்ல படிக்கையில நான்கூட இவ்வளவு எழுதினதில்ல."

"எழுதி என்ன செய்ய? ஞாயித்துக்கிழமை சம்பந்தி வாராரு."

மாஸ்டரின் மகள் கோமதி ஜெர்மனியில் நர்ஸ். அங்கேயே யோனாஸ் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். பையனின் அப்பாவும் அம்மாவும் பெண்ணின் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு ஜெர்மன் தெரியாது. நடுவில் இருப்பது இங்கிலீஷ் ஒன்றுதான்.

"கோமதி கூட வாராள்ல. அவ எடுத்துச் சொல்ல மாட்டாளா?"

"சொல்லுவா. நான் தூண் மாதிரி நிப்பேன். எனக்கும் சேர்த்து அவளே பேசுவா." மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். "தாயில்லாப் பிள்ளைய வளத்தவன் நான். அவளப் பத்தி ரெண்டு வார்த்தை என் வாயால சொல்ல வேண்டாமா டீச்சர்?"

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"போன வாரம் சம்பந்திகிட்ட போன்ல பேசினீங்களே, என்ன ஆச்சு?"

"அவரு ஹவ் ஆர் யூன்னாரு. எனக்கு ஆறு பதில் தெரியும். இவருக்கு எது பொருந்தும்னு உள்ளுக்குள்ள பாத்துக்கிட்டே இருந்தேன். லைன் கட்டாயிட்டுன்னு நினைச்சு அவரு வச்சிட்டாரு."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

"தப்பாச் சொன்னா என்னவாம்?"

"சிரிப்பாங்க. என்னையப் பாத்துச் சிரிச்சாத் தொலையுது. இவ அப்பன் இம்புட்டுத்தானான்னு அவளப் பாத்துச் சிரிச்சா? இன்னும் அஞ்சு நாளு இருக்கு. எந்தப் பாடத்தப் படிக்கணும்னு சொல்லுங்க, ராத்திரி பகலா உக்காந்து படிச்சிருதேன்."

டீச்சர் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"கடையில எப்ப கூட்டம் ஜாஸ்தி?"

"சாயங்காலம் ஏழு மணிக்கு. நிக்க இடம் இருக்காது."

"ஏழு மணிக்கு வாரேன்."

"சாப்பிடவா டீச்சர்?"

"புரோட்டா போட."

*

சொன்னபடி வந்தார்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கையைக் கழுவினார். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். வீட்டில் சப்பாத்திகூட அவர் அம்மா சுடுவதுதான்.

மாஸ்டர் ஒரு தடவை செய்து காட்டினார். எண்ணெயில் ஊறிய உருண்டையை உள்ளங்கையால் அமுக்கினார். விளிம்பைப் பிடித்து மேஜைமேல் இரண்டு வீச்சு. மாவு மல்லு வேட்டி போல் விரிந்தது. சுருட்டினார், தட்டினார், கல்லில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்வார்.

"குடுங்க" என்றார் டீச்சர்.

முதல் உருண்டை நடுவில் கிழிந்தது. இரண்டாவது கையோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது கையை விட்டுப் பறந்து, மூன்றாம் மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சியின் தோளில் போய் விழுந்தது.

கடை வெடித்துச் சிரித்தது. சால்னா ஊற்றுபவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பழைய மாணவன் ஒருவன், "டீச்சர், இது அவுட் ஆஃப் சிலபஸ்!" என்று கத்தினான். மறுபடி ஒரு சிரிப்பு.

டீச்சர் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்து கையை நீட்டினார்.

"அடுத்த உருண்டை."

நான்காவதும் கிழிந்தது. ஐந்தாவதும்.

"போதும் டீச்சர்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "எல்லாரும் சிரிக்காங்க."

"ஆமா, சிரிக்காங்க. அடுத்த உருண்டை."

"எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர்."

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்?"

அப்போதுதான் மாஸ்டர் அவரைச் சரியாகப் பார்த்தார். டீச்சரின் காது இரண்டும் சிவந்திருந்தன. கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் கை நீட்டியபடியே இருந்தது.

இப்படி ஒரு மனுஷியை மாஸ்டர் அதுவரை பார்த்ததில்லை. கதை சொல்லும் நானும் பார்த்ததில்லை.

உருண்டையை எடுத்துக் கொடுத்தார்.

பதினொன்றாவது உருண்டை எப்படியோ கல்லுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரம் பிய்ந்து, நடுவில் தடித்து, எந்த வடிவம் என்று சொல்ல முடியாமல் கிடந்து வெந்தது.

தோளில் மாவு வாங்கிய அண்ணாச்சி இலையை முன்னால் தள்ளினார்.

"அத எனக்கு வைங்க."

பிய்த்து, சால்னாவில் முக்கி, சாப்பிட்டார். கடை முழுவதும் அவர் வாயைப் பார்த்தது.

"வெந்திருக்கு" என்றார்.

நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பொய் சொல்லுகிற ஆள் இல்லை போலிருக்கிறது.

டீச்சர் கை கழுவிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறிப் போய்விட்டார். பாடம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

சம்பந்தி இறங்கினார். நல்ல உயரம். பின்னால் அவர் மனைவி, அவருக்குப் பின்னால் யோனாஸ். கோமதி முன்னால் வந்து நின்றாள், இரண்டு பக்கத்துக்கும் பேசத் தயாராக.

ஆனால் சம்பந்தி சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கும்பிட்டார். தாளைப் பார்த்து, தமிழில் படிக்க ஆரம்பித்தார்.

"வனக்கம். உங்கல் மகல்..."

அதற்கு மேல் வரவில்லை. நாக்கு எங்கோ மாட்டிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றார்.

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே நாலைந்து பேர். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள், சிரித்துவிட்டார்கள்.

சம்பந்தியின் நெற்றி வியர்த்தது. அவ்வளவு பெரிய மனிதர், பெண் வீட்டு வாசலில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

கோமதி பேச வாயெடுத்தாள்.

அவளைத் தாண்டிக்கொண்டு ஐயம்பெருமாள் போனார். சம்பந்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"யூ குட் ஸ்பீக்" என்றார் தெருவுக்கே கேட்கும்படி. "வெரி குட் ஸ்பீக். மீ பேட் ஸ்பீக். யூ கம். மை ஹவுஸ், யுவர் ஹவுஸ்."

தெரு மறுபடி சிரித்தது. அவர் நிறுத்தவில்லை.

"திஸ் கேர்ள், நோ மதர். ஐ குக், ஷி ஈட், ஷி ஸ்டடி. எவ்ரி டே ஐ குக், ஷி ஸ்டடி. ஷி குட் கேர்ள். நவ் யுவர் கேர்ள்."

நோட்டில் இருந்த வாக்கியம் இதில் ஒன்றுகூட இல்லை.

கோமதி திருத்தப் போனாள். பிறகு விட்டுவிட்டாள்.

*

திங்கட்கிழமை காலை வகுப்புக்கு முதல் ஆளாக மாஸ்டர் வந்திருந்தார். ராத்திரியே கோமதி போன் செய்து டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஆனாலும் டீச்சர் அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டார்.

"பேசினீங்களாமே மாஸ்டர்?"

"பேசினேன் டீச்சர்."

"எத்தனை தப்பு வந்துச்சு?"

"யாரு எண்ணினா டீச்சர்? நானும் சம்பந்தியும் அழுதுக்கிட்டுல்ல இருந்தோம்."