வாசலுக்கு விட்ட இடம்

“அம்மா, கம்பி விலை எப்போ இறங்கும்?”

மலையடி மடத்துக்கு முக்தி கேட்டு வருகிறவர்கள் உண்டு, பிள்ளைவரம் கேட்டும் வருவார்கள். பஸ் கண்டக்டர் தெய்வசிகாமணி கேட்டது இதைத்தான்.

மடத்துத் துறவி நல்லம்மை அவரைவிட வயதில் இளையவர். “எனக்கெப்படித் தெரியும்? வீடு எதுவரைக்கும் வந்திருக்கு?” என்றார்.

“எங்க வந்துச்சும்மா? மனையில சுண்ணாம்புக் கோடு போட்டதோட நிக்குது. கம்பி ஏறுச்சு, மாடியை விட்டேன். சிமெண்டு ஏறுச்சு, படுக்கையறையை விட்டேன். ஒவ்வொரு தடவையும் கோட்டை அழிச்சுட்டுச் சின்னதாப் போடுறேன். நேத்து ஜல்லியும் ஏறிடுச்சு. இப்போ ஒரு ரூம், ஒரு அடுப்படி. இனிமே சுருக்க என்ன இருக்கு? நாளைக்கு மனையை வித்துடப் போறேன். வாங்குற ஆளும் வர்றார்.”

“வீட்டுல என்ன சொல்றாங்க?”

“பொற்கொடியா? தினம் சாயங்காலம் அங்க போய் உட்கார்ந்துட்டு வர்றா. பைத்தியம் மாதிரி.”

நல்லம்மை எழுந்துவிட்டார். “வாங்க, உங்க வீட்டைப் பார்த்துட்டு வரலாம்.”

“அம்மா, அங்க வீடே இல்லம்மா!”

நல்லம்மை அதற்குள் தெருவில் இறங்கியிருந்தார்.

மனை ஊர்க்கோடியில் இருந்தது. செம்மண்ணில் வெள்ளைக் கோடுகள், அடுப்படிக்குப் போட்ட கட்டத்துக்குள் பொற்கொடி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

தெய்வசிகாமணி குறுக்கே புகுந்து, கோடுகளை மிதித்துக்கொண்டு அவளிடம் போனார். “அம்மா வந்திருக்காங்க, எழுந்திரு.”

திரும்பிப் பார்த்தால் நல்லம்மையைக் காணோம்.

முன்பக்கக் கோட்டில் வாசலுக்காகக் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அதற்கு வெளியே பொற்கொடியின் செருப்பு கிடந்தது. நல்லம்மை தன் செருப்பையும் அதன் பக்கத்தில் விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“எப்படி வேணா வாங்கம்மா, வெறும் தரைதானே!”

நல்லம்மை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. “வீட்டுக்காரம்மா, உள்ள வரலாமா?”

பொற்கொடி பதறி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். அடுப்படிக்கு விட்ட வழியில் அறைக்குள் வந்து, அறையைக் கடந்து, வாசலுக்குப் போனாள். தரையைப் பார்க்கவே இல்லை. கால் ஒரு கோட்டிலும் படவில்லை. நேற்றுதான் மாற்றிப் போட்ட கோடுகள் அவை.

தெய்வசிகாமணிக்கு மெய் சிலிர்த்தது. எத்தனை முறை அழித்தார், எத்தனை முறை சுருக்கினார்! அத்தனை வீட்டிலும் இவள் குடியிருந்திருக்கிறாள்.

“வாங்கம்மா, வலது காலை எடுத்து வச்சு வாங்க,” என்றாள் பொற்கொடி.

நல்லம்மை உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். பிறகு தெய்வசிகாமணியின் காலடியைக் காட்டினார்.

“ஐயா, நீங்க சுவத்துக்குள்ள நிக்கிறீங்க.”

குனிந்து பார்த்தார். அடுப்படிச் சுவர். செருப்பெல்லாம் சுண்ணாம்பு.

மெல்லக் காலை எடுத்தார். அவள் போன வழியிலேயே வெளியே போய், செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் நின்றார்.

“உள்ள வரலாமா?”

பொற்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “மனையை விக்கிறவராவா, வீட்டுக்காரராவா?”

அவர் வலது காலை எடுத்து வைத்தார்.

“அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறவனா வர்றேன்டி.”