காந்திமதி அம்மாவின் ஒற்றைத் தலைவலி

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய ஆசிரமம். அதை நடத்திவந்த காந்திமதி அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய சீடர் நல்லபெருமாளுக்கு அறுபத்து மூன்று. பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா பேசியதை ஒருநாள் கேட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். அம்மா அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி வரும். முதலில் கண்ணுக்குள் வெளிச்சம் கோணல்மாணலாக ஓடும். பிறகு இடது பொட்டில் வலி பிடிக்கும். ஜன்னலைக் கம்பளியால் மூடி, பக்கத்தில் ஒரு வாளியை வைத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

"வர்றவங்ககிட்ட தலைவலி, இன்னைக்கு முடியலைன்னு சொல்லிருங்க அண்ணாச்சி."

ஆரம்பத்தில் நல்லபெருமாள் அப்படித்தான் சொன்னார். ஒருநாள், வந்த ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "தன் தலைவலியையே போக்கத் தெரியல. இவங்க நமக்கு வழி காட்டப் போறாங்களாக்கும்."

நல்லபெருமாளுக்கு அது பொறுக்கவில்லை. அன்றிலிருந்து பதிலை மாற்றிக்கொண்டார். "அம்மா நிஷ்டையில இருக்காங்க." வந்தவர்கள் மூடிய கதவின் முன் விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது. அம்மாவுக்கு இது தெரியாது.

ஐப்பசியில் அப்படி ஒருநாள் கோவில்பட்டியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவன் பெயர் சங்கரபாண்டி, பாத்திரக்கடை வைத்திருந்தான். அவள் செல்வக்கனி.

"இவளுக்கு மாசத்துக்கு நாலு தடவை தலைவலி, அண்ணாச்சி. எல்லாருக்குந்தான் தலை வலிக்கு. ஒரு காபியைக் குடிச்சிட்டு வேலையைப் பாக்கோம். இவ கதவைப் பூட்டிட்டுப் படுத்திருதா. வீட்ல விசேஷம்னா கட்டாயம் வந்திரும். என் தங்கச்சி வளைகாப்புக்குக்கூட எந்திரிக்கல. மறுநாள் பார்த்தா சிரிச்சிட்டு நிக்கா. ஸ்கேன் எடுத்தாச்சு. மூளையில ஒண்ணுமில்லன்னுட்டாங்க. அப்ப மனசுலதான இருக்கு?"

செல்வக்கனி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ அப்பா வீட்டுல கொண்டு விட்டுட்டு வந்திருன்னு எங்க ஆத்தா சொல்லுது. அதுக்கு முந்தி இங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்."

"மனசுதான் தம்பி," என்றார் நல்லபெருமாள். "கவலையை விட்டா தலைவலி போயிரும். எங்க அம்மாவைப் பாருங்க. நேத்து காலையிலருந்து அன்னம் தண்ணி இல்லாம உள்ள நிஷ்டையில உக்காந்திருக்காங்க. மனசை ஜெயிச்சவங்களை உடம்பு ஒண்ணும் பண்ணாது. நீயும் தினம் அரைமணி நேரம் கண்ணை மூடி உக்காரு தாயி."

செல்வக்கனி தலையைத் தூக்கினாள். கதவைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஜன்னலுக்கு எதுக்குக் கம்பளி?"

"அது... நிஷ்டைக்கு."

அவள் குனிந்து காலில் கிடந்த கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவருகே புகைந்துகொண்டிருந்த சாம்பிராணிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்கு அந்தப்பக்கம் வைத்தாள்.

"என்னம்மா பண்ணுத?" என்று நல்லபெருமாள் பதறினார்.

"மெல்லப் பேசுங்க அண்ணாச்சி. உள்ள இருக்கவங்களுக்கு இந்த வாசனை ஆகாது. குமட்டும்."

கதவு திறந்தது. அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைமுடி அவிழ்ந்திருந்தது. இடது கண் பாதி மூடி, நீர் வடிந்தது.

"புகையை எடுத்தது யாரு?"

"நாந்தாம்மா."

"உனக்கும் உண்டா?"

"உண்டும்மா."

"வெளிச்சம் ஓடுமா?"

"ரம்பப் பல்லு மாதிரி ஓடும். அப்புறம் எதிர்ல நிக்கிறவங்க பாதி ஆள்தான் தெரிவாங்க."

அம்மா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். செல்வக்கனி ஓடிவந்து நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

நல்லபெருமாள் துண்டை விரித்து மறைத்தார். "உள்ள போயிருங்கம்மா. ஆள் பாக்காங்க."

"பாக்கட்டும் அண்ணாச்சி."

செல்வக்கனி அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள். ஈரத்துணியைப் பொட்டில் வைத்தபடி பக்கத்திலேயே இருந்துவிட்டாள். ஆண்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து அவ்வப்போது மெல்லிய முனகல் கேட்டது.

வெகுநேரம் கழித்துச் சங்கரபாண்டி சொன்னான், "இதே சத்தம் எங்க வீட்லயும் கேக்கும் அண்ணாச்சி. நான் டிவியைக் கூட்டி வச்சுக்கிடுவேன்."

மறுநாள் மதியம் அம்மா குளித்துவிட்டு வந்து, எல்லோரோடும் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். செல்வக்கனி ஏதோ சொல்ல, அம்மா வாய்விட்டுச் சிரித்தார். சங்கரபாண்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து அப்படிக் கிடந்தீங்க. இன்னைக்குச் சிரிக்கீங்களேம்மா."

"வலி போயிருச்சே. சிரிக்காம என்ன செய்ய?"

நல்லபெருமாள் கஞ்சித் தட்டைத் தள்ளி வைத்தார். "அம்மா, இத்தனை நாளும் நான் வாசல்ல நிஷ்டைன்னு..."

"நேத்து காதுல விழுந்தது."

"உங்களை யாரும் குறைவா நினைச்சிரக் கூடாதேன்னுதான். எனக்கே புரியலம்மா. மனசை ஜெயிச்ச உங்களுக்கு எப்படி இது வருது?"

"உங்க முட்டி எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"மழைக்காலமில்லா. வலிக்கத்தான் செய்யுது."

"அது எந்தக் கவலையால?"

நல்லபெருமாள் முட்டியைத் தடவிக்கொண்டார். அம்மா தன் பங்கு நாரத்தங்காயை எடுத்து அவர் தட்டில் வைத்தார். "சாப்பிடுங்க. நேத்தும் நீங்க சாப்பிடலையாம். கனி சொன்னா."

கிளம்பும்போது சங்கரபாண்டி தயங்கி நின்றான். "அடுத்த தடவை இவ படுத்தா நான் என்ன செய்யணும்மா?"

"ஜன்னலை மூடிக்கொடுங்க. நல்ல டாக்டராப் பார்த்துக் கூட்டிட்டுப் போங்க. ஸ்கேன்ல தெரியாத வலிக்கும் மருந்து உண்டு. நானும் சாப்பிடுதேன். சில தடவை கேக்கும், சில தடவை கேக்காது."

"எங்க ஆத்தா கேக்கும். விசேஷத்துக்கு வந்தவங்க கேப்பாங்க. அவங்களுக்கு என்ன சொல்ல?"

அம்மா நல்லபெருமாள் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சியைக் கேளுங்க. இங்க வாசல்ல பதில் சொல்லுதவர் அவர்தான்."

நல்லபெருமாள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். செல்வக்கனி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சங்கரபாண்டி பக்கம் திரும்பினார்.

"தலைவலின்னு சொல்லுங்க தம்பி."

"அது போதுமா?"

"போதும்," என்றார் அம்மா.