பெண் கேட்ட தொட்டிக்கு வந்த மாப்பிள்ளை

இந்தக் கதையில் ஒரு வாக்கு இருக்கிறது. அதை மீற நினைத்தவர் எவரும் இல்லை; ஆனாலும் அது சொன்னபடி நிறைவேறவில்லை. அவசரமாகப் படிப்பவர்களுக்கு விடை பிடிபடாது. நிதானமாகப் படியுங்கள்.

தூத்துக்குடியில் செசீலி என்பவள் தன் வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருந்தாள். உள்ளே வளர்ப்புப் பவளங்களும் நத்தைகளும் இருந்தன. அவற்றினூடே நான்கு ஆண்டுகளாக ஒரே ஒரு மீன் சுற்றிவந்தது. ஃபேரி ராஸ் என்னும் இனத்து ஆண் அது. வந்த புதிதில் சிவப்பும் ஊதாவுமாக ஒளிர்ந்தது. இப்போதோ வெளிறிப்போய்ப் பாறையின் பின்னே ஒதுங்கிக் கிடந்தது. அந்த இனத்தில் பெண் அருகில் இல்லாத ஆண் நாளடைவில் நிறம் மங்கிவிடுவதுண்டு. அலங்கார மீன் விற்கும் மச்சாது இதைச் சொன்ன நாள்முதல் செசீலிக்கு நிம்மதி இல்லை.

அண்ணன் கஸ்பாரின் மனைவி பிலோமியை அழைத்துக்கொண்டு அவள் மச்சாதுவின் கடைக்குப் போனாள். பிலோமியின் பவளத் தொட்டி புதியது. அதற்கும் ஒரு மீன் வேண்டியிருந்தது. செசீலியின் கண் முதலில் பச்சையும் நீலமுமான வேறொரு ராஸ் மீது போயிற்று.

“அது வேண்டாம்மா. பெருசானா நத்தையெல்லாம் உடைச்சுத் தின்னுரும், பவளத்தைப் புரட்டிப் போட்டுரும்” என்றார் மச்சாது.

“அப்ப எங்க ஆளுக்கு ஒரு பொண்ணு குடுங்க” என்றாள் செசீலி.

கடையில் ஃபேரி ராஸ் பெண்கள் இரண்டே இருந்தன. மச்சாது இரை தூவிக் காட்டினார். பெரியது முந்திக்கொண்டு தின்றது. செசீலி அதையே தேர்ந்தாள். அதன் முதுகுத் துடுப்பில் முன்முள் வளைந்திருந்தது. சிறியது பிலோமிக்கு.

புதிய மீனை உடனே பவளத் தொட்டியில் விடலாகாது; நோய் இருக்கிறதா என்று வேறு தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். செசீலிக்கோ மாமியாரின் இடுப்பு அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னை போகவேண்டியிருந்தது.

“ஒரு மாசத்துல வந்துருவேன், மதினி. அதுவரைக்கும் ரெண்டும் உங்ககிட்ட இருக்கட்டும். தொட்டியில நானே விட்டுக்கிறேன்.”

“முள்ளு வளைஞ்சதுதானே உனக்கு? மாதா சாட்சியா, இதே பொண்ணைத்தான் உன் தொட்டிக்கு அனுப்புவேன், போதுமா?” என்றாள் பிலோமி.

மச்சாது இருவரிடமும் ஒன்று சொன்னார்: “நாலு வாரம். அதுக்கு மேல ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.” ஏன் என்று இருவரும் கேட்கவில்லை.

ஒரு மாதம் நான்கரை மாதமாயிற்று. இடையில், நோய் பார்க்க வைத்த சிறு தொட்டி நெருக்கடியாக இருக்கிறதென்று பிலோமி இரண்டு மீன்களையும் தன் பவளத் தொட்டிக்கு மாற்றினாள். குதிக்கும் இனம் என்பதால் மேலே வலை கட்டினாள். வேளை தவறாமல் இரையிட்டாள். செசீலி திரும்பி வந்து பார்த்தபோது, முள் வளைந்த மீன் நெருப்புச் சிவப்பில் துடுப்புகளை விரித்து நின்றது. ஆண் இல்லாத இடத்தில் பெண்களுள் பெரியது ஆணாக மாறிவிடுவது அந்த இனத்தின் இயல்பு.

செசீலி பிலோமியின் பக்கம் திரும்பினாள்.

“பொண்ணு குடுக்கிறேன்னு சத்தியம் பண்ணிட்டு மாப்பிள்ளைய அனுப்புறீங்களே, மதினி! எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு.”

“சத்தியம் பண்ணது இந்த மீனைத்தான். முள்ளைப் பாத்துக்க, எடுத்துட்டுப் போ” என்றாள் பிலோமி.

கஸ்பார் குறுக்கிட்டார். “சின்னதைக் குடுத்துரு. அவ கேட்டது பொண்ணு.”

“குடுத்துட்டு? இவன் என் தொட்டியில தனியா நின்னு வெளுக்கட்டுமா? உங்க தங்கச்சி மீனுக்குத்தான் உசுரு இருக்கு, இல்லே?”

மச்சாதுவைத் தொலைபேசியில் கேட்டார்கள். “புது ஆணை வலைப்பெட்டியில வச்சு செசீலியம்மா தொட்டிக்குள்ள இறக்குங்க. ஒரு வாரம் முகம் பாக்கட்டும், பழகினா திறந்துவிடலாம்” என்றார் அவர்.

அப்படியே செய்தார்கள். போட்டியாளனைக் கண்டதும் செசீலியின் பழைய ஆணான கிழவனுக்குப் பழைய சிவப்பு பாதிக்குமேல் திரும்பிவிட்டது. “பாத்தீங்களா? நிறம் வந்துருச்சு, இன்னும் சில நாள் பொறுங்க” என்றார் மச்சாது. ஆனால் மூன்றாம் நாள் பார்த்தபோது, வலையை முட்டி முட்டிக் கிழவனின் வாய் கிழிந்திருந்தது. செசீலி பெட்டியை வெளியே எடுத்துவிட்டாள். முள் வளைந்த மீன் பிலோமி வீட்டுக்கே திரும்பியது.

சத்தியம் செய்த மீனையே தருவேன் என்கிறாள் பிலோமி. கேட்ட பெண்ணைத் தா என்கிறார் கஸ்பார். நிறம் திரும்பிவிட்டது, இன்னும் சில நாள் பொறுங்கள் என்கிறார் மச்சாது. இம்மூவரில் யார் சொன்னது சரி? அதனால் வரும் இழப்பு யாரைச் சேரும்?

விடை: மச்சாது சொன்னது சரியன்று, அந்த நிறம் துணையைக் கண்டு வந்ததன்று, பகையைக் கண்டு வந்தது. பெட்டியைத் திறந்திருந்தால் இரண்டில் ஒன்று செத்திருக்கும். பிலோமி வாக்கின் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாள். ‘இதே பெண்’ என்பதில் ‘இதே’ என்பது இரண்டில் ஒன்றைச் சுட்டிய விரல். ‘பெண்’ என்பதே செசீலி கடைக்குப் போன காரணம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமற்போனால் காரணத்தைக் காப்பதே வாக்கைக் காப்பது. ஆகவே கஸ்பார் சொன்னது சரி, ஆனால் பாதிதான்; பிலோமியின் ஆண் துணையிழந்து நிற்பதை அவர் எண்ணவில்லை. மாமியாரைப் பார்த்துக்கொண்டது குற்றமாகாது; நான்கு வாரக் கெடுவைப் பிலோமியும் கேட்டிருந்தாள்; ஆயினும் தன் மீனை எடுத்துப்போக வேண்டியவளும், ஒரு மாதத்தை நான்கரை மாதமாக நீட்டியவளும் செசீலி. அந்த இழப்பு அவளைத்தான் சேரும். சிறிய பெண் மீனைப் பெற்றுக்கொள்பவள், பிலோமியின் ஆணுக்கு வேறொரு பெண்ணைத் தானே தேடி, தன் வீட்டில் நோய் பார்த்து, நான்கு வாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அண்ணன் தன் பக்கம் பேசிவிட்டார் என்று அவள் சும்மா இருந்துவிட்டால், சரியான தீர்ப்பைத் தவறாக்கியவள் அவளே.